வியப்படைகளும் வாக்கியமும்: மாமல்லைக் கடற்கரையிலிருந்து ஓர் இலக்கண விசாரணை

ஆங்கிலத்தில் வியப்பையும் பாராட்டையும் உணர்த்தும் விசேஷணங்களை நம்மவர் கையாளும்போது நேரும் பிழைகளுக்குச் சொற்பஞ்சத்தைக் காரணமாகச் சொல்ல இயலாது; பள்ளிப்பிள்ளையிடம் கூட அத்தகைய சொற்கள் இருபதுக்குக் குறையாமல் இருக்கின்றன. அச்சொற்களை அகராதி ஒரே பொருளுடையனவாக அடுக்கித் தருகிறது. வாக்கியமோ அவற்றை ஒன்றாக ஏற்பதில்லை. எந்தச் சொல் எந்த வாக்கிய வடிவத்தை ஏற்கும், எதை மறுக்கும் என்பதற்கு ஆங்கில இலக்கண நூல்கள் தரும் விதிகள் பெரும்பாலும் மனப்பாடத்துக்கு உரியனவாகவே நின்றுவிடுகின்றன. அவ்விதிகளுக்கு அடியில் ஒரு நியாயம் உண்டு என்பதும், அந்நியாயத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கைக்குக் கூறும் காரணங்களைக் கொண்டு ஆங்கில நூல்களினும் தெளிவாகக் காணலாம் என்பதும் இக்கட்டுரையின் கொள்கை.

உதாரணங்களைத் திருவிடந்தை முதல் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஆங்கிலேயர் வந்து பார்த்து, வியந்து, எழுதி, அச்சிட்ட இடம் தமிழகத்தில் இதைப் போல் வேறொன்று அரிது. இன்றும் திருவிடந்தையில் நித்தியகல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கே மாமல்லபுரம் செல்லும் யாத்திரிகர், ஆதிவராக மூர்த்தியும் ‘வொண்டர்ஃபுல்’, அருச்சுனன் தபசும் ‘வொண்டர்ஃபுல்’, உருளாமல் நிற்கும் உருண்டைப் பாறையும் ‘வொண்டர்ஃபுல்’, வழியில் குடித்த இளநீரும் ‘வொண்டர்ஃபுல்’ என்று கேட்டுக்கொண்டே போகலாம். இந்த நான்கில் இரண்டேனும் அச்சொல்லுக்கு உரியன அல்ல என்பது என் அபிப்பிராயம். எவை என்பது பின்னர் விளங்கும்.

முதலில் ஆங்கிலேயர் எழுதியதைப் பார்ப்போம். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772இலும் 1776இலும் மாமல்லபுரத்தை நேரில் கண்டு எழுதிய கட்டுரை, கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தார் வெளியிட்ட ஆராய்ச்சித் தொகுதியின் முதல் மடலில் 1788இல் வந்தது. அதன் தலைப்பு நீண்டது: சிற்பங்களையும் இடிபாடுகளையும் பற்றிய சில செய்திகள் என்று தொடங்கி, அவ்வூர் சதுரங்கப்பட்டினத்துக்குச் சில மைல் வடக்கே உள்ளது என்றும், கப்பலோட்டிகள் அதனை ஏழு கோயில்கள் என்று அழைப்பர் என்றும் சொல்லி முடியும். அத்தனை நீளத் தலைப்பில் வியப்படை ஒன்றுகூட இல்லை. அவருக்குப் பின் கோல்டிங்ஹாம் 1798இல் எழுதியதும், பாபிங்டன் 1830இல் கல்வெட்டுக்களோடு வெளியிட்டதும் அவ்வாறே. ‘அக்கவுண்ட்’ என்ற உலர்ந்த சொல்லே அவற்றின் தலைமேல் நிற்கிறது. கார் என்பவர் இவற்றையெல்லாம் ஒன்று திரட்டி 1869இல் சென்னையில் பதிப்பித்தபோதும் ‘டிஸ்க்ரிப்டிவ்’, ‘ஹிஸ்டாரிகல்’ என்ற இரு விசேஷணங்களோடு அமைந்துவிட்டார். பிராடக் எனும் படைவீரர் 1844இல் சென்னை இலக்கியச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய வழிகாட்டியின் தலைப்பில்தான் ‘ரிமார்க்கபிள்’ என்ற சொல் தலைகாட்டுகிறது. அதுவும் சிற்பங்களுக்கு நேரே அடைமொழியாக வராமல், சிற்பங்கள், குடைவுகள், இன்னும் குறிப்பிடத்தக்க பிற பொருள்கள் என்று கடைசியில் ஒதுங்கி நிற்கிறது.

இதை வெள்ளையரின் அலட்சியமென்று கொள்வது எளிது. அவர்களுள் அலட்சியக்காரர் இருந்ததும் உண்மையே. ஆயினும் இத்தலைப்புக்களின் மௌனத்துக்கு இலக்கணக் காரணம் ஒன்று உண்டு. ஆங்கில விசேஷணம் வாக்கியத்தில் இரண்டு இடங்களில் நிற்கும்: பெயருக்கு முன்னே அடையாக நிற்பது ஒன்று, ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற வினைக்குப் பின்னே பயனிலையாக நிற்பது மற்றொன்று. ‘தி மேக்னிஃபிசென்ட் டெம்பிள் ஸ்டாண்ட்ஸ் ஆன் தி ஷோர்’ என்று சொன்னால், கோயில் கரையில் நிற்கிறது என்பதே கூற்று. அது பேரெழில் உடையது என்பது கூறப்படவில்லை, ஏற்கெனவே ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளப்படுகிறது. கேட்பவன் அந்த வாக்கியத்தை மறுத்து, இல்லை, நிற்கவில்லை என்று சொன்னாலும், மறுக்கப்படுவது இருப்பிடமே. பேரெழில் மறுப்புக்குத் தப்பிப் பிழைத்திருக்கும். ‘தி டெம்பிள் இஸ் மேக்னிஃபிசென்ட்’ என்ற வாக்கியத்திலோ பேரெழிலே கூற்று; அதை மறுக்கலாம், அதற்கு ஆதாரம் கேட்கலாம், சொன்னவன் விடை கூறக் கடமைப்பட்டவன். ஆதலின் முன்னடை என்பது வாசகனின் சம்மதத்தைக் கேளாமலே பெற்றுக்கொள்ளும் உபாயம். தான் கண்ட பொருளைத் தன் வாசகன் காணவில்லை, காணப்போவதும் இல்லை என்றறிந்த ஆராய்ச்சியாளன் தலைப்பிலேயே அந்த உபாயத்தைக் கையாளத் தயங்கியது இயல்பு.

தமிழில் இந்த நுட்பம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. அதனாலேயே ஆங்கிலத்தில் நாம் அதைக் காணத் தவறுகிறோம். ‘அழகிய கோயில்’ என்பது முன்னடை. பயனிலையாகும்போது ‘கோயில் அழகியது’ என்றோ ‘அழகாக இருக்கிறது’ என்றோ சொல் உருமாறிவிடுகிறது. விசேஷணம் எனத் தனிச் சொல்வகை நம் மரபில் இல்லை; பெயரெச்சமும் பண்புத்தொகையும் குறிப்பு முற்றும் அவ்வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. திராவிட மொழிகளில் விசேஷணம் பண்புப்பெயரேயன்றித் தனியானதன்று என்று கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் 1856இலேயே எழுதினார். உருவம் மாறினால்தான் தொழில் மாறும் என்று பழகிய நம் மனம், உருவம் சிறிதும் மாறாமல் இடம் மட்டும் மாறும் ‘மேக்னிஃபிசென்ட்’ என்ற சொல்லில் தொழில் மாறியதை உணர்வதில்லை. அதன் பலனாக நம் ஆங்கிலத்தில் முன்னடை பெருகிப் பயனிலை குறைகிறது. சுற்றுலாக் கையேடுகளைப் புரட்டினால், வாக்கியத்தின் கூற்று ஏதோ சில அடி நீளமாகவும், பாராட்டு முழுதும் அதன் முன்னே சுமையாக ஏற்றப்பட்டதாகவும் இருப்பதைக் காணலாம்.

இனித் தொல்காப்பியத்துக்கு வருவோம். மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை வைத்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களங்களில் பிறக்கும் என்று கூறுகிறது. மருட்கை என்பது வியப்பு. புதுமை முன் காணாதது. பெருமை அளவில் மிக்கது. சிறுமை மிக நுண்ணியது. ஆக்கம் என்பது ஒன்று திரிந்து மற்றொன்றாதல் என்று உரைகாரர் கொள்வர். நான்குக்கும் பொதுவாக அறிவின் அளவை கடந்து நிற்றலையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்கிறார். இப்பகுப்பு நாடக வழக்குக்கும் செய்யுளுக்கும் உரியதாகச் சொல்லப்பட்டது. அதை அயல்மொழி இலக்கணத்தின்மேல் ஏற்றுவது துணிச்சலே. ஆனால் ஏற்றிப் பார்த்தால் பலன் கிடைக்கிறது.

மாமல்லபுரத்தில் நான்கு நிலைக்களங்களுக்கும் இலக்கியம் தேட வேண்டியதில்லை. ஓலைக்குடிசையைக் கல்லில் கண்ட திரௌபதி ரதமும், சாளுவன்குப்பத்தில் யாளித் தலைகள் சூழ்ந்த முகப்பும் புதுமை. ஏறக்குறைய 90 அடி நீளத்துக்கு இரு பாறைகளின் முகத்தில் தேவரும் முனிவரும் யானைகளும் திரண்டு நிற்கும் அருச்சுனன் தபசு பெருமை. அதே பாறையில், பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறிந்துகொள்ளும் மானும், தபசியைப் பார்த்துத் தானும் கைதூக்கி நிற்கும் பூனையும் அதன் காலடியில் எலிகளும் சிறுமை. தரையில் கிடந்த பாறை மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டுத் தேராகி, அடியில் இன்னும் பாறையாகவே எஞ்சி நிற்கும் ரதங்கள் ஆக்கத்தின் கண்கண்ட சாட்சி. முற்றுப்பெற்ற கோயிலைக் காட்டிலும் முற்றுப்பெறாத ரதத்தில் அந்த மாற்றம் தெளிவாகப் புலப்படுகிறது.

ஆங்கில வியப்படைகளை இந்நான்கின் கீழ் வகுத்தால் இப்படி அமையும். ‘க்யூரியஸ்’, ‘ஸ்ட்ரேஞ்ச்’, ‘ரிமார்க்கபிள்’ முதலியன புதுமைக்கு. ‘மேக்னிஃபிசென்ட்’, ‘கிராண்ட்’, ‘மஜெஸ்டிக்’, ‘கொலாஸல்’ முதலியன பெருமைக்கு. ‘எக்ஸ்க்விஸிட்’, ‘டெலிகேட்’ முதலியன சிறுமைக்கு. ‘வொண்டர்ஃபுல்’, ‘மார்வெலஸ்’, ‘அஸ்டானிஷிங்’, ‘அமேஸிங்’, ‘மிராக்குலஸ்’ முதலியன ஆக்கத்துக்கு. இது பொருள் பற்றிய வகுப்பு மட்டுமாயின் நான் இதற்கு இத்தனை இடம் தந்திரேன். வாக்கிய வடிவத்தைக் கொண்டு சோதித்தாலும் வகுப்பு கலையாமல் நிற்கிறது என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

சோதனை இது. ஆங்கிலத்தில் ‘இட் இஸ்’ என்று தொடங்கி, விசேஷணத்தைச் சொல்லி, ‘தட்’ என்று இணைத்து ஒரு முழு வாக்கியத்தை அதன்பின் தொங்கவிடும் வடிவம் உண்டு. பாறை கோயிலாயிற்று என்பது வியப்புக்குரியது என்று தமிழில் சொல்வதற்கு நேரான வடிவம். இதில் ‘க்யூரியஸ்’ நிற்கும், ‘ஸ்ட்ரேஞ்ச்’ நிற்கும், ‘ரிமார்க்கபிள்’ நிற்கும், ‘வொண்டர்ஃபுல்’, ‘அமேஸிங்’, ‘அஸ்டானிஷிங்’ எல்லாம் தாராளமாக நிற்கும். ‘மஜெஸ்டிக்’ நிற்காது, ‘கொலாஸல்’ நிற்காது, ‘எக்ஸ்க்விஸிட்’, ‘டெலிகேட்’ நிற்கவே மாட்டா. அதாவது புதுமையும் ஆக்கமும் ஒரு கட்சி, பெருமையும் சிறுமையும் மற்றொரு கட்சி. காரணம் ஆராய்ந்தால் வெளிப்படையானதே: புதுமை என்பதும் ஆக்கம் என்பதும் நிகழ்வுகள், ஒன்று நேர்ந்தது, ஒன்று மற்றொன்றாயிற்று என்று வாக்கியமாகச் சொல்லத்தக்கவை, ஆகவே வாக்கியத்தையே எழுவாயாக ஏற்கின்றன. பெருமையும் சிறுமையும் பொருளின்கண் உள்ள குணங்கள். அவற்றுக்குப் பொருள் வேண்டும், பெயர் வேண்டும். நிகழ்வைப் பெரிது என்றோ நுண்ணிது என்றோ அளக்க முடியாது.

வினைச்சொற்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. ‘அமேஸ்’, ‘அஸ்டானிஷ்’, ‘மார்வெல்’, ‘வொண்டர்’ என்று காண்பவன் நெஞ்சில் நிகழ்வதைக் கூறும் வினைகள் ஆக்கக் கட்சிக்கு இருக்கின்றன. பெருமைக் கட்சிச் சொற்களுக்கு அத்தகைய வினை இல்லை. ‘மேக்னிஃபிசென்ட்’ என்பதோடு பிறந்த ‘மேக்னிஃபை’ பொருளைப் பெரிதாக்குவதே தவிரக் காண்பவனை எதுவும் செய்வதில்லை. நம் மாணவர்கள் ‘ஐ ஆம் அமேஸிங்’ என்று எழுதி, தாம் வியந்ததாகச் சொல்ல வந்து தம்மையே பிறர் வியக்கத்தக்கவராக்கிக்கொள்ளும் பிழையும் ஆக்கக் கட்சியில் மட்டுமே நேரக்கூடியது. வியப்பூட்டும் பொருளுக்கு ‘அமேஸிங்’, வியந்த ஆளுக்கு ‘அமேஸ்ட்’ என்ற வேறுபாடு வினை உள்ள இடத்தில்தானே பிறக்கும்?

மறுப்புக்களையும் சொல்லிவிட வேண்டும். ‘நாவல்’ என்ற விசேஷணம் புதுமையைத் தவிர வேறொன்றையும் குறியாதாயினும் மேற்கண்ட வடிவில் இசைவதில்லை. அது புதுமையைப் பொருளின் குணமாகக் கருதும் சொல் என்று சமாதானம் கூறலாம், ஆனால் அது முழுச் சமாதானம் ஆகாது. விருந்தினரை வரவேற்கும் ஆங்கிலேயன் நீங்கள் வந்தது ‘ஸ்ப்ளென்டிட்’ என்றும் ‘கிராண்ட்’ என்றும் சொல்வது வழக்கு. அங்கே அச்சொற்கள் பெருமைப் பொருளை முற்றிலும் இழந்து மகிழ்ச்சி என்ற அளவில் தேய்ந்துவிட்டன. இத்தகைய தேய்வு அம்மொழியில் ஓயாமல் நடப்பது. அச்சத்தில் பிறந்த ‘டெரிஃபிக்’ இன்று வெறும் சபாஷ், பயபக்தியில் பிறந்த ‘ஆஃபுல்’ இன்று வசை. தேய்ந்த சொல் கட்சி மாறுகிறது என்பதே வகுப்பின் உண்மைக்கு ஒரு சான்றாகக் கொள்ளத்தக்கது.

ஆங்கிலேயரிடமே இதற்கு ஒப்பான பகுப்பு இல்லையா என்று கேட்பர். எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட நூலில் மகோன்னதத்தையும் அழகையும் வேறுபடுத்தி, பரப்பும் ஆற்றலும் இருளும் உள்ளவிடத்து மகோன்னதம், சிறியதும் வழுவழுப்பானதுமானவிடத்து அழகு என்று எல்லை கட்டினார். மகோன்னதத்தின் உச்ச விளைவு திகைப்பு, அதற்கு அடுத்த படியிலே பாராட்டும் பக்தியும் மதிப்பும் என்றும் வரிசைப்படுத்தினார். மாமல்லபுரத்துக்கு வந்த பின்னாள் ஆங்கிலேயர் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். தாமஸ் டானியலும் வில்லியம் டானியலும் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இங்கே வந்து தீட்டி 1799இல் வெளியிட்ட சிற்பப் பாறைச் சித்திரத்தைப் பார்ப்பவர், எழுத்தில் ‘ஸப்லைம்’, ‘பிக்சரெஸ்க்’ என்று வழங்கிய கொள்கைகள் தூரிகையில் எவ்வாறு இறங்கின என்று அறியலாம். ஆனால் பர்க்கின் பகுப்பு நம் கேள்விக்கு உதவாது. பெருமையை ஒரு சுவையாகவும் சிறுமையை வேறொரு சுவையாகவும் அவர் பிரித்துவிட்டார். தொல்காப்பியரோ இரண்டையும் ஒரே மருட்கையின் கீழ் வைத்தார். வாக்கிய இலக்கணத்தில் ‘கொலாஸல்’ என்பதும் ‘எக்ஸ்க்விஸிட்’ என்பதும் ஒன்றுபோலவே நடக்கின்றன என்று கண்டோம். யானையையும் மானையும் ஒரே பாறையில், ஒரே உளியால், ஒரே அக்கறையோடு செய்த சிற்பிக்குப் பர்க்கின் எல்லைக்கோடு விளங்கியிராது.

இப்போது திருவிடந்தைக்கே திரும்பி ஒரு சிறு பிரயோகத்தைப் பார்க்கலாம். காலவ முனிவரின் முந்நூற்றறுபது பெண்களைப் பெருமாள் நாளொருவராக மணந்து, ஆண்டின் கடைசி நாளில் அனைவரையும் ஒருவராக்கித் தம் இடப்பாகத்தில் ஏற்றுக்கொண்டார் என்பது தலபுராணம். முந்நூற்றறுபதின்மர் ஒருவராயினர் என்பது ஆக்கம், நிகழ்வு. ஆகவே ‘இட் இஸ் வொண்டர்ஃபுல் தட்’ என்று தொடங்கும் வாக்கியம் அதற்குத் தகும். கருவறையில் தேவியைத் தாங்கி நிற்கும் வராக மூர்த்தியின் உருவத்தைச் சொல்லும்போது அது பொருள். ‘மஜெஸ்டிக்’ என்று பயனிலையில் வைத்து, எதனால் என்று அடுத்த வாக்கியத்தில் விளக்குவது நல்ல ஆங்கிலம். தொடக்கத்தில் சொன்ன நான்கில் மூர்த்திக்கும் அருச்சுனன் தபசுக்கும் ‘வொண்டர்ஃபுல்’ பொருந்தாமை இதனால் பெறப்படும். சாய்ந்த பாறைமேல் உருளாமல் நிற்கும் உருண்டைக்கு அச்சொல் உரியதே. இளநீருக்கு அது தேய்ந்த பொருளில் உரியது, வெயிலில் வந்தவனோடு அதைப்பற்றி வழக்காட நான் தயாரில்லை.

மிகுதிச் சொற்களைச் சேர்ப்பதிலும் இதே போன்ற கவனம் வேண்டும். ‘பியூட்டிஃபுல்’ என்பதற்கு முன் ‘வெரி’ சேரும், ‘மேக்னிஃபிசென்ட்’, ‘எக்ஸ்க்விஸிட்’, ‘கொலாஸல்’ முதலியன உச்சத்தைத் தம்முள்ளேயே அடக்கியவை ஆதலின் இக்கால ஆங்கிலத்தில் ‘வெரி’ அவற்றோடு ஒட்டுவதில்லை, ‘அப்ஸலூட்லி’ ஒட்டும். தமிழில் ‘மிக அற்புதமான’ என்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. பழைய ஆங்கிலேயர் இவ்விஷயத்தில் இன்றுள்ளவரைப்போல் கண்டிப்பாக இருந்ததில்லை என்பதும் உண்மை.

வாக்கியமே இல்லாத வியப்படைகளும் இக்கடற்கரையில் உண்டு. தருமராஜ ரதத்தின் மேல்தளங்களில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டு, ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியச் சாசனங்களின் முதல் தொகுதியில் பதிப்பித்த விருதுப்பெயர்கள் அவை: நயனமனோகரன், அனுபமன், லலிதன், அத்யந்தகாமன், மதனாபிராமன், திரைலோக்யவர்த்தனன், நிருத்தரன் என்று தொடர்கின்றன. எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. ஒவ்வொன்றும் விசேஷணமாகத் தொடங்கிப் பெயராக உறைந்தது. ஒப்பற்றவன் என்று யாரும் இங்கே கூறவில்லை. ஒப்பற்றவன் என்பதே பெயர். முன்னடை வாசகனின் சம்மதத்தைக் கேளாமல் எடுத்துக்கொள்கிறது என்றேன். விருதுப்பெயர் அந்தச் சம்மதம் என்ற பேச்சுக்கே இடம் வையாதது. இப்பழக்கம் நம் மேடைகளில் இன்றும் பட்டங்களாக உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை; நாம் ஆங்கிலம் எழுதும்போது அடைமொழிகளைக் கொத்தாகக் கட்டுவதற்கு இலக்கணத்தைவிட இந்த அரசவைப் பழக்கமே பெரிய காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

நேர்மாறான நிலையைச் சட்டத்தில் காணலாம். 1972ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய ஒப்பந்தம் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்ற வியப்படையை மதிப்பு என்னும் பெயருக்கு முன்னே வைத்து, அதையே தகுதியாக்கிற்று. சட்டத்தில் முன்னடை தானாக ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிட முடியாது. யாரேனும் நிரூபிக்க வேண்டும். அதனால் பண்பாட்டுச் சின்னங்களுக்கு ஆறு அளவைகள் வகுக்க நேர்ந்தது. மாமல்லபுரம் 1984இல் பட்டியலில் ஏறியபோது அவற்றுள் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது ஆகியவற்றின் கீழ் ஏற்கப்பட்டது. ஒரு விசேஷணத்துக்கு இத்தனை சாட்சி கேட்கும் அவை இலக்கண உலகில் வேறு எங்கே உண்டு?

கடைசியாக, இதுவரை வேண்டுமென்றே தவிர்த்துவந்த ‘அட்மைரபிள்’ என்ற சொல். இலத்தீனத்தில் வியத்தல் என்ற பொருளில் தோன்றி, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் வியப்புக்குரியது என்றே வழங்கிய இது, இப்போது மருட்கையை விட்டு நீங்கிவிட்டது. கடலலையை, மலையை, உருண்டைப் பாறையை ‘அட்மைரபிள்’ என்றால் ஆங்கிலச் செவிக்கு ஒவ்வாது. ஒருவன் முயற்சியை, பொறுமையை, வேலைத்திறத்தை அவ்வாறு சொல்லலாம். தொல்காப்பியத்தில் இதற்கு நேராக நிற்பது பெருமிதத்தின் நிலைக்களம்: கல்வி, தறுகண், இசைமை, கொடை. நான்கும் ஆள்மேல் நிற்பவை. இயற்கைப் பொருளுக்கு ஏறா. எனவே ‘அட்மைரபிள்’ வரும் வாக்கியத்தில், வெளிப்படையாகவோ மறைந்தோ, ஓர் ஆள் இருந்தாக வேண்டும். எதற்காக என்பதை ‘ஃபார்’ சேர்த்தும் எவ்வகையில் என்பதை ‘இன்’ சேர்த்தும் சொல்லும் வழக்கமும் இதனால் வந்தது.

தருமராஜ ரதத்தை ‘அட்மைரபிள்’ என்று எழுதுகிறவர் அந்த ஆள் யார் என்று கருதுகிறார்? சுவரில் உள்ள விருதுகள் அனைத்தும் அரசனுடையவை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலிய தொழிலாளர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. இவர்கள் இக்கோயில்களைச் செய்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். பெருந்தச்சன் என்ற ஒரு தொழிற்பட்டம் நீங்கலாக அங்கே புகழடை மிகுதியாக இல்லை. ‘அட்மைரபிள்’ என்பதன் மறைந்த எழுவாயாக அவர்களைக் கொண்டு, ‘தி வொர்க்மன்ஷிப் இஸ் அட்மைரபிள்’ என்று பயனிலையில் வைத்து எழுதுவதே இலக்கணத்துக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே இசைவது. ‘தி அட்மைரபிள் கிங்’ என்று தொடங்குகிறவர் தம் வாக்கியத்தின் முடிவில் அதற்கு வேறு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும்.